சோழியின் சுழிகள்: பூர்வீகம் தெரியாத புள்ளிக்குட்டி ஒன்றைப் பதிவுசெய்து காட்சிக்குக் கொண்டுபோன அனுபவம்

2021 டிசெம்பரில் இலங்கை மலைநாட்டின் கந்தப்பளையில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு குதிரைக்குட்டி வந்து சேர்ந்தது. நுவரெலியாவில் கிரகரி வாவிக் கரையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி நடத்திப் பிழைத்த ஒருவர், பெருந்தொற்றுக் காலத்தில் தொழில் முடங்கிப்போனதால் தம்முடைய குதிரைகளை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தார். தாய்க்குதிரை கொழும்புப் பக்கம் போய்விட்டது. பால்குடி மறந்த பெண்குட்டியை வாங்க மட்டும் ஆளில்லை. கழுத்தும் தோளும் கருஞ்செம்மை. இடுப்பிலிருந்து வால்வரை வெள்ளைப் போர்வை விரித்ததுபோல் ஒரு பரப்பு. அந்த வெள்ளைக்குள் கவிழ்த்துப் பரப்பிய சோழிகளைப் போல முட்டை வடிவக் கரும்புள்ளிகள். என் மகள் பார்த்த மாத்திரத்தில் சோழி என்று பெயர் வைத்துவிட்டாள்.

எங்கள் குடும்பத்துக்குக் குதிரை புதிதல்ல. என் தாத்தா வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் குதிரைக்காரராக இருந்தவர். தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் வராத காலத்தில் மலைக்கு மலை துரையைக் கொண்டுபோனவை குதிரைகள். அவற்றைத் தேய்த்துக் குளிப்பாட்டித் தீனி வைத்தவர்கள் எங்கள் ஆட்கள். ஆனால் தாத்தா வளர்த்த குதிரைகளுக்கெல்லாம் துரையிடம் காகிதம் இருந்தது. சோழிக்கு எதுவுமே இல்லை. அப்பன் யார், எந்த இனம், எந்தத் தேதியில் பிறந்தது என்று கேட்டால் பதில் கிடையாது. அப்படிப்பட்ட ஒரு குட்டியை முறையாகப் பதிவுசெய்து, 2023 ஏப்ரலில் ஒரு குதிரைக் காட்சிக்குக் கொண்டுபோய் நிறுத்தியதுவரை நாங்கள் கற்றுக்கொண்டவற்றை, காகிதமில்லாத குட்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்கு உதவும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

முதல் காகிதம் விற்பனைச் சீட்டு. பலரும் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள்; நானும் அப்படித்தான் கிளம்பவிருந்தேன். என் மனைவி தடுத்து, விற்றவர், வாங்கியவர், இரண்டு சாட்சிகள் ஆகியோரின் கையெழுத்தோடு ஒரு சீட்டு எழுதச் சொன்னாள். எழுதும்போது விற்றவர் ஒரு யோசனை சொன்னார்.

“அண்ணே, அப்பன் வெளிநாட்டுக் குதிரைன்னு போட்டுருங்க. அப்பலூசான்னு எழுதினா நாளைக்கு நீங்க விக்கிறப்ப நல்ல வெல போகும். யாரு போய்ப் பாக்கப் போறா?”

அப்பலூசா என்பது புள்ளிகளுக்குப் பெயர்போன அமெரிக்கக் குதிரை இனம். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. எனக்கு நன்மை செய்வதாகவே நினைத்தார். ஆனால் தாயின் நிறம் என்ன, அது எங்கே கட்டப்பட்டிருந்தது, சினையாக வாங்கினாரா, தம்மிடம் வந்த பின் சினையானதா என்று கேட்டபோது அவருக்குத் தெரிந்தவை மூன்றுதான்: தாய் முழுக் கபில நிறம், சினையாகத்தான் வாங்கினார், குட்டி போட்டது மழைக்காலத்துக்கு முன்னால். அந்த மூன்றையும் “விற்றவர் கூற்றுப்படி” என்ற சொற்களோடு எழுதிக்கொண்டோம். அந்த ஒரு சொற்றொடரை நான் இன்றைக்கும் எல்லாப் படிவங்களிலும் பயன்படுத்துகிறேன். விற்றவர் வாயிலிருந்து வந்த செய்தி ஒன்று, நம் கண்ணால் கண்டது இன்னொன்று. இரண்டையும் ஒரே வரியில் கலந்துவிட்டால் பிற்பாடு பிரித்தெடுக்க முடியாது.

அடுத்தது அடையாளப் பத்திரம். பேராதனையில் படித்த இளம் கால்நடை வைத்தியர் ஒருவர் 2022இன் நடுப்பகுதியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். எரிபொருளுக்கு மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலம் அது. அவர் பஸ்ஸில் வந்து இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தேயிலை மலை ஏறி வந்ததை நாங்கள் மறக்க மாட்டோம். அன்று அவர் செய்த வேலையை அருகில் நின்று பார்த்ததுதான் இந்த முழு அனுபவத்திலும் எனக்குக் கிடைத்த பெரிய பாடம்.

முதலில் பல். சோழியை வாங்கிய அன்று நான் எடுத்து வைத்திருந்த பல் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். கீழ்த்தாடையில் நடுப்பற்கள் இரண்டும், அவற்றுக்கு அடுத்தவை இரண்டும் முழுமையாக வளர்ந்திருந்தன. ஓரப்பற்கள் அப்போதுதான் ஈற்றைக் கிழித்துக்கொண்டு அரிசி முனையளவு தெரிந்தன. குட்டிகளுக்கு நடுப்பற்கள் பிறந்த முதல் வாரத்திலும், அடுத்தவை ஏறக்குறைய ஆறு வாரத்திலும், ஓரப்பற்கள் ஆறிலிருந்து ஒன்பது மாதத்துக்குள்ளும் முளைக்கும். ஆகவே டிசெம்பரில் அதற்கு எட்டு மாதம் இருக்கலாம் என்று கணித்து, “2021 ஏப்ரல் அளவில் பிறந்தது, பற்களைக் கொண்டு மதிப்பிட்டது” என்று எழுதினார். நான் சித்திரை முதல் நாளைப் பிறந்த தேதியாகப் போட்டுவிடலாமா என்று கேட்டேன். “மதிப்பீடுன்னு எழுதினா யாரும் குறை சொல்ல மாட்டாங்க ஐயா. தேதின்னு எழுதினா ஆதாரம் கேப்பாங்க” என்றார்.

பிறகு சுழிகள். இந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. தாத்தா குதிரையைப் பார்த்தவுடன் சுழியைத்தான் தேடுவார். எந்தச் சுழி எங்கே இருந்தால் வாங்கியவருக்கு ஆகும், எது ஆகாது என்று அவரிடம் ஒரு பெரிய கணக்கே இருந்தது, மாடு வாங்கப் போகும்போதும் “சுழி சுத்தமா இருக்கா?” என்றுதான் முதல் கேள்வி. வைத்தியரும் அதே சுழிகளைத்தான் தேடினார். ஆனால் நல்லது கெட்டது பார்ப்பதற்காக அல்லாமல், அவை குதிரையின் ஆயுள் முழுவதும் இடம் மாறுவதில்லை என்பதற்காகத் தேடினார். மயிர் உதிர்ந்து புதிதாக முளைத்தாலும், நிறம் வெளுத்தாலும், சுழி பிறந்த இடத்திலேயே இருக்கும். சோழியின் நெற்றியில், கண்மட்டத்துக்கு மேலே, நடுக்கோட்டிலிருந்து சற்று இடப்பக்கம் தள்ளி, ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு சுழிகள். கழுத்தின் வலப்பக்கம் பிடரி மயிருக்கு அடியில் ஒன்று. அச்சிட்ட குதிரை உருவப்படத்தில் அந்த இடங்களில் கறுப்பு மையால் பெருக்கல் குறி இட்டார். வெள்ளை அடையாளங்களைச் சிவப்பு மையால் வரைந்தார். இடப்பக்கம், வலப்பக்கம், முகம், மூக்கு நுனி, கழுத்தின் கீழ்ப்புறம், பின்னாலிருந்து கால்கள் என்று தனித்தனி படங்கள். புள்ளிகளை ஒவ்வொன்றாக வரைய முற்பட்ட என் மகளைத் தடுத்து, வெள்ளைப் பரப்பின் எல்லையையும் மிகப் பெரிய சில புள்ளிகளையும் மட்டும் குறித்தால் போதும் என்றார். அதன் காரணம் அடுத்த ஆண்டுதான் எங்களுக்கு முழுமையாகப் புரிந்தது.

கடைசியாக மைக்ரோசிப், அதாவது அடையாள எண் பதிந்த சின்னஞ்சிறு சில்லு. கழுத்தின் இடப்பக்கம், உச்சிக்கும் முதுகின் திமில் போன்ற மேட்டுக்கும் நடுவில், பிடரிக்குக் கீழே உள்ள தடித்த நாரில் அதைச் செலுத்தினார். 15 இலக்க எண். செலுத்துவதற்கு முன்பு ஒருமுறை, செலுத்திய பின்பு ஒருமுறை வாசிப்பான் கருவியால் படித்து, எண்ணின் ஒட்டுச்சீட்டைப் பத்திரத்தில் ஒட்டிக் கையெழுத்திட்டார். முன்பே வேறொரு சிப் உள்ளே இருக்கிறதா என்று பார்க்காமல் புதியதைச் செலுத்த விடாதீர்கள். கைமாறிக் கைமாறி வரும் சவாரிக் குதிரைகளில் இது மிகவும் முக்கியம்.

இனி, எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். இது என்ன இனம்?

சோழியைப் பார்த்தவர்களில் பத்தில் எட்டுப் பேர் அப்பலூசா என்றார்கள். அதற்கு ஆதாரமாக அவர்கள் சுட்டியவை உண்மையிலேயே அதனிடம் இருந்தன: மனிதக் கண்ணைப் போலக் கருவிழியைச் சுற்றி வெள்ளை தெரியும், உதட்டிலும் மூக்கிலும் தோல் கறுப்பும் இளஞ்சிவப்பும் தெளித்தாற்போல் இருக்கும், குளம்புகளில் மேலிருந்து கீழாக வெளிர், கருமைக் கோடுகள் ஓடும். ஆனால் இந்த மூன்று அடையாளங்களும் ஒரு நிறமரபணுவைத்தான் காட்டுகின்றன, ஓர் இனத்தைக் காட்டுவதில்லை. குதிரையின் டி.ஆர்.பி.எம்.1 என்ற மரபணுவுக்குள் 1,378 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு புகுந்திருப்பதே இந்தப் புள்ளிக் கோலத்துக்கு அடிப்படை என்று 2013இல் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். அதே மாற்றம் அமெரிக்க அப்பலூசாவிலும் இருக்கிறது, டென்மார்க்கின் நாப்ஸ்டிரப்பர் குதிரையிலும் இருக்கிறது, பிரித்தானியப் புள்ளி மட்டக்குதிரையிலும் இருக்கிறது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், கோலம் வெளிப்படும். தாய் முழுக் கபிலம் என்று விற்றவர் சொன்னது சரியென்றால், அந்த மரபணு பெரும்பாலும் தந்தைவழி வந்திருக்க வேண்டும். இவ்வளவுதான் நான் நேர்மையாகச் சொல்லக்கூடியது. பெரிய திட்டுத்திட்டாக வெள்ளை விழுந்த குதிரைகளையும் நம் பக்கத்தில் புள்ளிக்குதிரை என்றே சொல்கிறோம். அவற்றில் இந்த மூன்று அடையாளங்களும் பொதுவாக ஒருசேர இருக்காது, அது வேறு மரபணு.

இந்த மரபணுவைப் பற்றி வளர்ப்பவர் கட்டாயம் அறிய வேண்டிய இன்னொன்று உண்டு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அது வந்து சேர்ந்தால் குட்டிக்குப் பிறவியிலேயே மாலைக்கண் இருக்கும். அப்படிப்பட்டவை பெரும்பாலும் உடலில் வெள்ளை மிகுந்து, கரும்புள்ளி இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருக்கும். சோழிக்கு வெள்ளைப் பரப்பு நிறையக் கரும்புள்ளிகள் இருந்ததால் ஒரு பிரதிதான் இருக்கும் என்று வைத்தியர் கருதினார். ஆனாலும் என் மகள் நிம்மதியடையவில்லை. ஒரு மாலை, பனிமூட்டம் இறங்கி எதிர்வரிசை லயங்களின் விளக்குகள் மங்கத் தொடங்கிய நேரத்தில், முற்றத்தில் நான்கு வாளிகளைக் கவிழ்த்து வைத்து, சோழியைத் தளர்ந்த கயிற்றில் பிடித்துக்கொண்டு அவற்றுக்கிடையே நடத்தினாள். குட்டி முதல் வாளியருகே நின்று, தலையைத் தாழ்த்தி முகர்ந்து, விலகி நடந்தது; மற்ற மூன்றையும் நிற்காமலேயே சுற்றிப் போனது. அது மருத்துவப் பரிசோதனைக்கு ஈடாகாது. ஆனால் இருட்டில் தடுமாறும் குட்டியை அந்தி நேரத்தில் தெருவில் நடத்தாமல் இருக்கவாவது இந்த எளிய பார்வை உதவும்.

இங்கிலாந்தில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பி, வெளிநாட்டுப் பதிவேடு எதிலாவது சேர்க்கலாமே என்றான். தேடிப் பார்த்தோம். அமெரிக்காவில் 1938இல் தொடங்கிய அப்பலூசா குதிரைக் கழகத்தில் வழக்கமான பதிவுக்குப் பெற்றோரில் ஒன்றாவது அங்கே பதிவான அப்பலூசாவாக இருக்க வேண்டும். 1954இல் அயோவா மாநிலத்தில் தொடங்கிய போனி ஒஃப் த அமெரிக்காஸ் கழகம் புள்ளி மட்டக்குதிரைகளுக்கென்றே உருவானது. உயரம் 46 முதல் 56 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், நிறக்கோலம் 40 அடி தொலைவிலிருந்து தெரிய வேண்டும் என்று அதற்கு விதிகள் உண்டு. படிக்கப் படிக்க எனக்கு ஒன்று விளங்கியது. இனப் பதிவேடு என்பது இனிப் பிறக்கப்போகும் குட்டிகளுக்கான வாக்குறுதி. பூர்வீகம் தெரியாத பெண்குட்டியை அதில் சேர்த்தால், அதன் வயிற்றில் பிறப்பவை எல்லாம் தெரியாத இரத்தத்தைத் தெரிந்ததாகச் சொல்லிக்கொண்டு போகும். அவர்கள் கதவை இறுக்கிப் பிடிப்பது நியாயம். எங்களுக்குத் தேவைப்பட்டது இனப் பதிவல்ல, இந்தக் குட்டி இந்தக் குட்டிதான் என்று காட்டும் பதிவு. அது வைத்தியரின் பத்திரத்தோடு எங்கள் கையில் வந்துவிட்டது.

காட்சிக்கு ஆயத்தம் என்றதும் ஊரெல்லாம் சொன்ன அறிவுரை, தவிடு போட்டுக் கொழுக்க வை என்பதுதான். நானும் இரண்டு மாதம் போட்டேன். மலைநாட்டுக் குதிரை வளர்ப்பவர்கள் இதைச் சற்றுக் கவனமாகப் படிக்க வேண்டும். எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலங்களில் மண்டியிருக்கும் கிக்குயு புல்லில் உள்ள ஒட்சலேற்று என்ற பொருள், சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். தவிட்டிலோ சுண்ணாம்புச் சத்தைவிடப் பொஸ்பரசு பல மடங்கு அதிகம். இரண்டும் சேர்ந்தால், வளரும் குட்டி தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவி எடுக்கும். தாடை வீங்கும், கால் நோகும். சோழி கல்பாதையில் அடியெடுத்து வைக்கத் தயங்கியதைக் கண்டு வைத்தியரை அழைத்தோம். தவிட்டை நிறுத்தி, சுண்ணாம்புக்கல் தூளை அவர் சொன்ன அளவில் தீனியில் கலந்து, வேறு புல் வகைகளையும் சேர்த்த பின் சில வாரங்களில் நடை தெளிந்தது. இன்னொன்று: தோட்டத்தில் கழிக்கும் கரட்டை நீளவாக்கில் வெட்டிக் கொடுக்கலாம், ஆனால் லீக்ஸ் கழிவைக் கொட்டாதீர்கள். வெங்காயக் குடும்பம் முழுவதும் குதிரையின் இரத்தத்தைக் கெடுக்கும்.

இரண்டு வயதுக் குட்டியின் முதுகில் யாரும் ஏறக் கூடாது என்பதால், நாங்கள் தேர்ந்தது கையில் பிடித்து நடத்திக் காட்டும் பிரிவு. ஆறு மாதம், நாளுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் போகாமல் பழக்கினோம். மகள் குட்டியின் இடப்பக்கம், தோளுக்கு நேராக நடப்பாள். முன்னே போய் இழுத்தால் குட்டி கால் ஊன்றி நின்றுவிடும். திரும்பி அதன் முகத்தைப் பார்த்தாலும் நின்றுவிடும். திருப்பும்போது எப்போதும் வலப்பக்கம், அதாவது தன்னைவிட்டு அப்பால் தள்ளித் திருப்ப வேண்டும். அப்போதுதான் குட்டி சமநிலை இழக்காது, பிடிப்பவரின் காலையும் மிதிக்காது. நிறுத்தும்போது நடுவரின் பக்கமுள்ள முன்கால் சற்று முன்னும் பின்கால் சற்றுப் பின்னும் இருந்தால் நான்கு கால்களும் அவர் கண்ணுக்குப் படும். இதைச் சொல்வது எளிது. சோழி இப்படி நிற்கக் கற்றுக்கொள்ள நான்கு மாதம் ஆயிற்று.

குளிப்பாட்டுவதிலும் நம் ஊருக்கென்று ஒரு முறை வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரத்தில் உள்ள நுவரெலியாப் பக்கத்துக் குளிரில், காட்சிக்கு முதல் நாள் குட்டியை முழுக்க நனைப்பது அதைக் குளிரில் நடுங்க வைப்பதாகும். வெள்ளைப் பகுதியையும் கால்களையும் மட்டும் வெதுவெதுப்பான நீரில், மென்மையான சவர்க்காரத்தால் கழுவி, உடனே சாக்கால் ஒற்றி உலர்த்தினோம். மற்ற இடங்களுக்குத் தூரிகை போதும். மூக்கின் இளஞ்சிவப்புத் தோலில், இந்த உயரத்து வெயில் ஒரே பகலில் கொப்புளம் எழுப்பிவிடும். துத்தநாகக் களிம்பு பூசிக் கொண்டுபோனோம்.

படிவத்தில் இனம் என்ற இடத்தில் “தெரியாது, மட்டக்குதிரை” என்றும், தந்தை என்ற இடத்தில் “தெரியாது” என்றும், தாய் என்ற இடத்தில் “கபில நிறச் சவாரிக்குதிரை, விற்றவர் கூற்றுப்படி” என்றும் எழுதினேன். உயரம் 112 சென்ரிமீற்றர். சமமான சிமெந்துத் தரையில், தலை இயல்பாக இருக்கும்போது, முதுகு மேட்டின் உச்சியில் அளந்தது.

காட்சி நாளில் நாங்கள் எதிர்பாராத இடத்தில் சிக்கல் வந்தது. படிவத்தோடு நான் இணைத்திருந்த படம் 2022இல் எடுத்தது. அதில் சோழியின் முகமும் கழுத்தும் கருஞ்செம்மை. அந்த ஒன்பது மாதத்தில் நெற்றி, கன்னம், தோள் எங்கும் வெள்ளை மயிர் ஊடுருவிச் சாம்பல் படர்ந்ததுபோல் ஆகியிருந்தது. வெள்ளைப் போர்வையின் எல்லையும் முன்னோக்கி நகர்ந்திருந்தது. நாள்தோறும் பார்த்த எங்கள் கண்ணுக்கு அது தெரியவில்லை. வாயிலில் நின்ற பொறுப்பாளர் படத்தையும் குட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இது வேற குட்டி. ஒதுங்கி நில்லுங்க” என்றார். என் மகளின் கண் கலங்கிவிட்டது. சிப் வாசிப்பான் அங்கே இல்லை.

அடையாளப் பத்திரத்தின் மூலப்பிரதி என்னிடம் இருந்தது. மகளே முன்வந்து, குட்டியின் நெற்றி மயிரை விரலால் விலக்கி, “ஐயா, இதுல ரெண்டு பெருக்கல் குறி இருக்கு. இங்க ரெண்டு சுழி இருக்கு. எடம் சரியான்னு நீங்களே பாருங்க” என்றாள். அவர் குனிந்து பார்த்தார். பிறகு பிடரி மயிரைத் தூக்கிக் கழுத்துச் சுழியைப் பார்த்தார். பின்னங்கால் குளம்பின் கோடுகளையும் படத்தோடு ஒப்பிட்டார். அதன் பிறகு ஒன்றும் பேசாமல் கதவைத் திறந்துவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை; ஆள்மாறாட்டம் நடக்கக் கூடாது என்று பார்ப்பது அவர் கடமை. படத்தைப் புதுப்பிக்காதது என் தவறு. இந்த வகைப் புள்ளிக் குட்டிகளின் நிறம் ஆண்டுதோறும் மாறும். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒரே இடத்தில் நிறுத்தி, முகம், இரு பக்கம், பின்புறம் என நான்கு படம் எடுத்துத் தேதியிட்டு வைப்பதை இப்போது வழக்கமாக்கியிருக்கிறோம்.

ஆறு குட்டிகளில் சோழி நான்காவதாக வந்தது. நடுவர் அம்மையார் முடிந்த பின் என் மகளை அழைத்து, தோளிலிருந்து நீட்டி நடப்பது நன்றாக இருக்கிறது, பின்னங்கால் மூட்டுகள் சற்று உள்வாங்கியிருக்கின்றன, வளர வளர எப்படியாகிறது என்று கவனியுங்கள் என்றார். இனம் தெரியாது என்று எழுதியிருந்ததால் எந்த இனத்தின் அளவுகோலோடும் ஒப்பிடாமல் காலையும் நடையையும் குணத்தையும் மட்டுமே பார்த்ததாகவும் சொன்னார். அப்பலூசா என்று எழுதியிருந்தால் அந்த இனத்துக்குரிய தலையையும் உடற்கட்டையும் தேடியிருப்பார்; இல்லாததைத் தேடி இருப்பதற்கும் மதிப்பெண் குறைந்திருக்கும்.

அந்த ஆண்டு ஒக்டோபரில் ஒரு காலை, தீனி வாளியைக் கழுவப் போன மகள் ஓடிவந்து கையை விரித்தாள். தேய்ந்து வழுவழுப்பான ஒரு சின்னப் பால்பல். சோழியின் உதட்டை விலக்கிப் பார்த்தோம். கீழ்த்தாடையின் நடுவில், விழுந்த இடத்தில், அகலமான புதுப் பல்லின் விளிம்பு வெளியே வந்திருந்தது. நிலையான நடுப்பற்கள் ஏறக்குறைய இரண்டரை வயதில் வரும். 2021 ஏப்ரல் அளவில் என்று வைத்தியர் எழுதியதிலிருந்து எண்ணினால் சரியாக இரண்டரை ஆண்டு. மகள் அந்தப் பல்லை ஒரு கடித உறையில் போட்டு, மேலே தேதியை எழுதி, அடையாளப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருக்கிறாள்.